நான்கு கறுப்புப் பற்களும் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவும்

என் மகளின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துப்போயிருந்ததை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சர்ச்சில் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில். ஜன்னலோரம் உட்காரவைத்து அவளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளங்கால் கூசித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஹைதராபாத்தின் குகட்பள்ளி வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. ஈறோரத்தில், ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக, யாரோ மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கோடு.

அவளுக்கு அப்போது ஆறு வயது. எனக்கு முப்பத்தைந்து. எங்கள் இருவரில் யாருக்கு முதலில் கண் கலங்கியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

"வாயைத் திற."

"கைக்கு டாடி?"

ஏன் என்று தமிழில் கேட்க அவளுக்குத் தெரியும். ஆனால் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவனின் பிள்ளை. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள். பதில் எந்த பாஷையில் வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

"திறம்மா, சொல்றேன்."

டார்ச் லைட்டை எடுத்துவந்து பார்த்தேன். வெயிலில் தெரிந்ததைவிட டார்ச்சில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பூசை ஆரம்பிச்சிரும். அங்க என்ன ரெண்டு பேரும்?"

"இங்க வா. இவ பல்லப் பாரு. அழுகிப்போச்சு."

"அழுகறதுக்குப் பல்லு என்ன தக்காளியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பார்த்தாள். "ஒழுங்கா தேய்க்கிறதில்ல. அவ்வளவுதான். ஷூவப் போட்டு விடுங்க."

அன்றைக்குப் பூசையில் மற்றவர்கள் உலக சமாதானத்துக்காகவும் மழைக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். நான் நான்கு பற்களுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.

எனக்குப் பயம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மற்றவர்களுக்குப் பயம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எனக்கு வந்தால் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அதிலும் பல் விஷயம் என்றால், குடும்பத்தோடு வந்து தங்கிவிடும். சின்ன வயதில் ரயில்வே ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல் டாக்டரின் போர்டு தென்பட்டால் எதிர்ச்சாரிக்குப் போய் நடக்கிறவன் நான். மகள் பிறந்தபோது நான் பெரிதாக எதையும் சபதம் செய்யவில்லை. டாக்டராக்குவேன், கலெக்டராக்குவேன் என்றெல்லாம் இல்லை. அந்த நாற்காலியில் மட்டும் இவள் உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என் ஒரே லட்சியம். அது இப்போது ஈறோரத்தில் கறுத்துக்கொண்டிருந்தது.

கறுத்ததற்குக் காரணம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு.

நான் வேலை பார்த்தது சனத்நகர்ப் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில். ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் காலனி முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவளும் எனக்குப் பின்னாலேயே கிளம்பிவிடுவாள். மகளைப் பள்ளிக்கூடத்து ரிக்‌ஷாவில் ஏற்றிவிடுவது கீழ்வீட்டு அம்மாள். நாங்கள் கிளம்புவதற்கும் ரிக்‌ஷா வருவதற்கும் நடுவில், அவள் தானாகவே எடுத்துப் போட்டுத் தின்னக்கூடிய பதார்த்தம் ஒன்று வேண்டியிருந்தது. மாவு அரைப்பதும் இட்லி அவிப்பதும் எங்களால் ஆகிற காரியமாக இல்லை.

அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தவன் என் மனைவியின் தம்பி. போலாரத்தில் ராணுவத்தில் இருந்தான். ஒருநாள் மிலிட்டரி கேன்டீனிலிருந்து இரண்டு அட்டை டப்பாக்களோடு வந்து இறங்கினான்.

"அத்தான், இது கார்ன்ஃப்ளேக்ஸ். எங்க மேஜர் சாப் வீட்ல தெனமும் இதுதான். பாலை ஊத்துனா வேலை முடிஞ்சுது."

வேலை முடிந்தது. மகளுக்கு அது பிடித்துப்போனது. பிடித்தது சோளத் தகட்டையா அதன் மேல் கொட்டிக்கொண்ட சர்க்கரையையா என்று கேட்க யாரும் வீட்டில் இல்லை. நாங்கள் இருக்கும்போது இரண்டு கரண்டி. நாங்கள் போன பிறகு அவள் கைக்கு வந்தது கணக்கு. ஊறி அடியில் மஞ்சளாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் இனிப்புக் கூழை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். பிறகு கவுன் பையில் காய்ந்ததாக ஒரு பிடி. அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டால் இரண்டாவது பீரியட் வரை தாங்கும் என்று அவளே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை வெளிறியிருக்கிறாள் என்று கம்பெனி டிஸ்பென்சரியில் கொடுத்திருந்த டானிக்கும் காலையில் ஒரு கரண்டி. ஆக, சத்துக்குக் குறைவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

நினைத்ததோடு நிறுத்தினேனா? பஸ்ஸில் போய்ச் சொன்னேன். டிபன் கேரியரைத் திறந்து பெசரட்டுத் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மத்தியில், "எங்க வீட்ல காலைல சீரியல்தான்" என்றேன். எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். ஈரத்தில் நனைந்த அட்டை மாதிரி இருக்கும் என்பதுதான் உண்மை. "லைட்டா இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை அதே பஸ்ஸில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினேன். பக்கத்து ஸீட்டில் எங்கள் ஸ்டோர்கீப்பர். வேலூர்க்காரர். யாருக்கு என்ன வியாதி என்றாலும் அதன் கடைசிக் கட்டத்தை முதலில் சொல்லிவிடுகிற மனிதர். தெரிந்தவர் குழந்தை ஒன்றுக்கு இப்படி என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"யார் குழந்தை, உங்க குழந்தையா?"

"இல்ல, தெரிஞ்சவங்க..."

"சரி, உங்க குழந்தைக்கு முன்னாடி பல்லா, பின்னாடி பல்லா?"

"முன்னாடி."

அவர் வெற்றிலையை ஒருபக்கமாக ஒதுக்கினார். "இங்கதான் சார் ஆரம்பிக்கும். இங்கேர்ந்து தாடைக்கு எறங்கும். தாடைலேர்ந்து கண்ணு. கண்ணுலேர்ந்து மூளை. எல்லாம் ஒரே நரம்புதானே? எங்க சித்தப்பா பையனுக்கு இப்படித்தான்..."

"என்ன ஆச்சு அவனுக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அத விடுங்க."

செத்துப்போனான் என்று சொல்லியிருந்தால்கூட ஒருமாதிரி தேறியிருப்பேன். அந்த 'அத விடுங்க' என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

"ஆமா, என்ன சாப்பிடுது குழந்தை?" என்றார் பிறகு.

"கார்ன்ஃப்ளேக்ஸ்" என்றேன், காதில் விழாத குரலில். பஸ் முழுவதற்கும் விழுந்தது. பெசரட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அதா? அதி பள்ளகி அதுக்குண்டுந்தி சார்" என்றார். பல்லில் ஒட்டுமாம். ஒரு வருஷமாக என் பீற்றலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அன்று காலை இட்லி கூடுதல் ருசியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன வேகத்தில் டப்பாவைத் தூக்கி பீரோவுக்கு மேலே வைத்தேன்.

"இனிமே இது கிடையாது. பல்லு போயிரும். தாடை போயிரும்."

"நக்கோ டாடி! மேரா ஹை வோ!" என்று மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வேண்டாம், அது என்னுடையது என்று.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "சரி. நாளைக்கு அவ என்ன சாப்பிடுவா?"

"இட்லி, தோசை... எல்லாரும் சாப்பிடறதுதான்."

"நல்லது. நாலரைக்கு எந்திரிச்சு ஊத்தி வெச்சிட்டுப் போங்க."

எழுந்தேன். இட்லிக்கு மாவு இல்லை என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. உப்புமா கிண்டினேன். ரவை அடியில் கறுத்து, மேலே வேகாமல், நடுவில் மட்டும் உப்புமாவாக இருந்தது. மகள் அதை ஒரு தடவை பார்த்தாள். முகர்ந்தாள். கீழ்வீட்டுக்கு இறங்கிப்போய் அங்கே மூன்று இட்லி வாங்கித் தின்றுவிட்டாள். அன்று சாயங்காலம் கீழ்வீட்டு அம்மாள் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "என்ன தம்பி, வீட்ல ஏதாச்சும் கஷ்டமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அந்த அவமானத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றால், எங்கள் டிபார்ட்மென்டில் வேலை பார்க்கிற ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

நான் இருந்தது முலாம் பூசிய உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில். முலாம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. உள்ளே உப்புத் தண்ணீரைப் பனிமூட்டம் மாதிரி தெளித்துக்கொண்டே இருக்கும். அதில் உதிரிபாகத்தை நாள்கணக்கில் தொங்கவிடுவோம். துரு ஏறினால் தள்ளுபடி; ஏறாவிட்டால் பாஸ். வாதமே கிடையாது. பல்லுக்கும் அதே நியாயம்தானே? பல்லை எடுத்து கார்ன்ஃப்ளேக்ஸில் போட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

பல்லும் கைவசம் இருந்தது. போன மாதம்தான் மகளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பால்பல் விழுந்திருந்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும். ஹவுசிங் போர்டு வீட்டில் எங்கே கூரை? எங்களுக்கு மேலே இன்னொரு குடித்தனம், அதற்கும் மேலே மொட்டை மாடி, அதன் சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம். அவரிடம் போய், பல்லை எறியச் சாவி வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லாததால், பல் தீப்பெட்டிக்குள் பருத்தியில் சுற்றி பீரோவில் இருந்தது.

தீப்பெட்டியைச் சட்டைப் பையிலும், பாலையும் சர்க்கரையையும் கார்ன்ஃப்ளேக்ஸையும் டிபன் கேரியரிலும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். லேபில் ஒரு கண்ணாடி பாட்டிலில் எல்லாவற்றையும் கலந்து, பல்லை உள்ளே போட்டு, அமில ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரண்டாம் நாளே எங்கள் செக்‌ஷன் ஆபீஸர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏமய்யா, ஈ வாசன ஏமிடி?"

"சாம்பிள் சார். டெஸ்ட்ல இருக்கு."

"ஏ கஸ்டமர்?"

"ரொம்பக் கறாரான கஸ்டமர் சார்" என்றேன். கையெழுத்துப் போடச் சொல்லாத எதைப் பற்றியும் அவர் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் பாட்டிலைத் திறந்தேன். நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, வாசகர்கள் சாப்பிட்டிருக்கலாம். பல்லை இடுக்கியால் எடுத்துக் கழுவி, துரு பார்க்கும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். கறுப்பு இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. சொல்லப்போனால் முன்பைவிட வெள்ளையாக, பள்ளிக்கூடத்து சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. கார்ன்ஃப்ளேக்ஸ் பாஸ்!

பஸ்ஸில் ஸ்டோர்கீப்பரிடம் அறிவித்தேன். "சோதிச்சுப் பாத்தாச்சு. அதால ஒண்ணும் இல்ல."

"அப்ப கறுப்பு?"

"அது வேற" என்று கையை வீசினேன். வேறு என்றால் என்ன வேறு என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் டப்பாவை பீரோவிலிருந்து இறக்கி மகளிடம் மரியாதையாக ஒப்படைத்தேன். என் மனைவி தடுக்கவில்லை. நாலரைக்கு எழுந்திருக்கும் ஒருவனை வீட்டில் வைத்துக்கொண்டு அவளும் தூங்காமல்தான் கிடந்திருந்தாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைவு.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சத்தம் இல்லை. எங்கள் மகள் இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஒன்று அவள் தூங்க வேண்டும், அல்லது எதையாவது உடைத்திருக்க வேண்டும். அவள் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பினாள். வலதுபக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"இதர் துக்தா டாடி" என்றாள். இங்கே வலிக்கிறது.

தொட்டேன். கொதித்தது. நெற்றியும் கொதித்தது. ஸ்டோர்கீப்பர் போட்டுக்கொடுத்த வழி அப்படியே கண்முன் விரிந்தது: பல், தாடை, கண், மூளை. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வீக்கத்தின் மேல்விளிம்புக்கும் அவள் கண்ணுக்கும் நடுவில் என் விரல்களை வைத்து அளந்தேன். இரண்டு விரற்கடை இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தேன். ஒன்றரைதான் இருந்த மாதிரிப் பட்டது. அவசரத்தில் விரலை அகட்டி வைத்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது, இன்னும் ஒரு விரற்கடை குறைந்தால் உலகம் முடிந்துவிடும் என்று நின்றேன். நகைச்சுவையாக எழுதுகிறேன், அன்றைக்கு அந்த அறையில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. அவள் அழவில்லை. அழ வாயைத் திறந்தால் வலித்தது. அதனால் கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதோ செய்வேன் என்று.

மனைவி வந்தாள். கன்னத்தைப் பார்த்தாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

"செகந்திராபாத்ல ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்களாம். நம்ம தமிழ் ஆளுங்கதான். எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அக்கா சொன்னாங்க. ஸ்கூட்டரை எடுங்க."

"முதல்ல ஒரு மாத்திரை குடுத்துப் பார்த்துட்டு..."

"உங்க பயத்துக்கு மாத்திரை வழியில வாங்கிக்கலாம். எடுங்க."

மூசாப்பேட்டை, எர்ரகட்டா, அமீர்பேட்டை, பேகம்பேட்டை என்று அத்தனை தூரமும் நான் ஓட்டினேனா, ஸ்கூட்டர் என்னை இழுத்துக்கொண்டு போனதா தெரியாது. எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தையின் சூடு சட்டை வழியாக என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். செகந்திராபாத்தில் வேர்விட்ட பழைய தமிழ்க் குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மகளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"திற பேட்டா. பயம் நக்கோ. இது வெறும் கண்ணாடி." குச்சியில் பொருத்திய சின்னக் கண்ணாடியால் முன்பற்களைப் பார்த்தார். "ஏதாச்சும் டானிக் குடுக்கறீங்களா?"

"டிஸ்பென்சரில குடுத்தது, மேடம். ரத்தத்துக்கு."

"இரும்பு டானிக். அதோட கறைதான் இது. நான் தேய்ச்சு உட்டா போயிடும். குடிச்சதும் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

அத்தனை நாள் என்னைத் தின்ற கறுப்பு, ஒரு கரண்டி டானிக்! எனக்கு வந்த சிரிப்பில் சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் என் சோதனையையும் சொல்லி, அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே சுமந்துகொண்டிருந்த தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். என் மனைவி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். இப்படி ஒன்று நடந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டரம்மா பல்லை விளக்கடியில் பிடித்து, ஊசிமுனையால் லேசாகச் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"இதப் பாத்தா சந்தோஷப்பட்டீங்க?"

"வெள்ளையாத்தானே இருக்கு..."

"நீங்க பிளேட்டிங்ல இருக்கேன்றீங்க. இரும்ப ஆசிட்ல முக்கினா பளபளன்னு வருமே, இரும்பு நல்லா ஆயிடுச்சுன்னா அர்த்தம்?"

அமிலம் இரும்பைத் தின்னும்போதுதான் இரும்பு பளபளக்கும். தினமும் பார்க்கிறேன்.

"சக்கரையும் சோளமும் புளிச்சு ஆசிட்டா மாறி, பல்லுல கெட்டியா இருக்கறத கரைச்சு எடுத்திருக்கு. பல்லு கெட ஆரம்பிக்கறது இப்படி வெள்ளையாத்தான். நீங்க கறுப்ப பாத்து பயந்து, வெள்ளைய பாத்து சிரிச்சிருக்கீங்க." பிறகு மகளிடம், "இன்னும் பெருசா திற கண்ணு. ஹவ், அப்படித்தான்" என்று கடைவாய்ப் பக்கம் குனிந்தார். கண்ணாடியைச் சாய்த்து என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க."

போனேன். கீழ்வரிசையில், கடைவாயில், ஒரு பல்லின் நடுவே பள்ளம். பள்ளத்துக்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. காலையில் தின்ற கார்ன்ஃப்ளேக்ஸ். அது அங்கேயே குடியிருந்திருக்கிறது. துரு எப்போதும் பொருத்துவாய்களிலும் இடுக்குகளிலும்தான் பிடிக்கும், கண்ணுக்குத் தெரிகிற முகப்பில் அல்ல என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான்.

"பல்லு எப்ப தேய்ப்பா?"

"காலைல எந்திரிச்சதும், மேடம்" என்றாள் என் மனைவி.

"சாப்பிட்டப்புறம்?"

"அதான் தேய்ச்சாச்சே..."

"ராத்திரி?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல் தேய்க்காமல் காபியைத் தொட மாட்டோம். அது எங்கள் இரண்டு வீட்டிலும் வேதம். தின்ற பிறகு தேய்க்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் செய்ததில்லை.

"சுத்தமா கழுவிட்டு அப்புறம் சக்கரைய அப்பி நாள் பூரா விட்டுடறீங்க. அதுவும் ராத்திரி முழுக்க. கார்ன்ஃப்ளேக்ஸ் மேல மட்டும் தப்பில்ல. பல்லுல போய் ஒட்டிக்கிட்டு எறங்காதது அது. நீங்க அத எறக்கவும் இல்ல." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "வேர்ல சீழ் கட்டிடுச்சு. இதை எடுத்தாகணும்."

"எடுக்கறதுன்னா..."

"எடுக்கறதுன்னா எடுக்கறதுதான். இன்னிக்கு நக்கோ. வீக்கம் வடியட்டும், மருந்து எழுதறேன். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

"பால்பல்லுதானே, வேற முளைச்சிரும்ல?" என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"முளைக்கும். ஆனா இந்த எடத்துல முளைக்க இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் காலியாத்தான் இருக்கும். பக்கத்துப் பல்லு சாயாம பாத்துக்கணும்."

அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எங்கள் பஸ்ஸைக் கேட்டால் சொல்லும். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் உட்காரவில்லை. ராத்திரியில் சாப்பிட்டதும் நாங்கள் மூன்று பேரும் வாஷ்பேசின் முன்னால் வரிசையாக நின்று பல் தேய்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரி ரயிலைப் பிடிக்க ஊருக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்தார்கள். டப்பாவில் மிச்சமிருந்ததைச் சர்க்கரை இல்லாமல் பாலில் போட்டு நானே தின்று தீர்த்தேன். கடனைக் கழிப்பது போல.

வீக்கம் வடிந்தது. கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே பழையபடி நிறைய இடம் வந்தது. பல் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"டாடி, பல்லு எடுத்தா நொப்பியா?"

நொப்பி என்றால் தெலுங்கில் வலி. "சே, சே, இல்லவே இல்ல" என்றேன். நான் சொன்ன விதத்தைப் பார்த்து அவளுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். என் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "நுவ்வு ராவத்து டாடி. மம்மி சாலு" என்றாள். நீ வர வேண்டாம், அம்மா போதும்.

என் மனத்தில் இருந்ததும் அதேதான். ஆனால் மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் வரவில்லை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்கதான் போகணும்" என்று வாசலில் நின்று சொன்னாள். "போய்ட்டு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். வேறு பதில் கிடைத்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

டாக்டரம்மாவின் அறையில் நான் நாற்காலியிலிருந்து முடிந்தமட்டும் தள்ளி நின்றுகொண்டேன். "நான் வெளிய உக்காந்திருக்கேன், மேடம். நீங்க பாத்துக்குங்க."

"வெளிய எங்க போறீங்க? நீங்கதான் முதல்ல உக்காரணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே!"

"நாற்காலி பெருசு, குழந்தை சின்னது. நீங்க உக்காந்து அவளை மடில வெச்சுக்குங்க. அப்பா மேல சாஞ்சா பயப்பட மாட்டா."

யார் மேல் சாய்ந்தால்? மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது. மேலே அந்த விளக்கு. மருந்து வாசனை. மகள் என் நெஞ்சின்மேல் தலையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். என் இதயம் அடித்த அடியில் அவள் தலை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது என்பது மிகையில்லை. ஊசியோடு குனிந்த டாக்டரம்மா நிறுத்திவிட்டார்.

வாயைத் திறந்தபடியே மகள் சொன்னாள்: "டாடி, ஹிலோ நக்கோ."

ஆடாதே என்று.

"அவ சொல்றதுதான் கரெக்ட்" என்றார் டாக்டரம்மா. "நீங்க ஆடினா நான் எங்க போடறது?"

மூச்சை அடக்கிக்கொண்டேன். இரண்டு கைகளாலும் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஊசி இறங்கியபோது அவள் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அவள் உடம்பு முழுவதும் ஒருதடவை விறைத்தது. அது என் உடம்பிலும் விறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு காத்திருந்தோம். டாக்டரம்மா ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தைப் பற்றி, டீச்சரைப் பற்றி. அப்புறம் ஒரு அழுத்தம். அவள் தலை என் நெஞ்சில் புதைந்தது. எங்கோ ஒரு எவர்சில்வர் தட்டில் டிங் என்று ஒரு சத்தம்.

அழுதாள். கொஞ்ச நேரம்தான், ஆனால் கோபமாக. வலி இல்லவே இல்லை என்று நான் சொன்னதற்காக என்னைப் பார்த்து அழுதாள்.

"முடிஞ்சுது கண்ணு. பஞ்சைக் கடிச்சுக்கோ. இறங்கலாம்."

அவள் இறங்கிவிட்டாள். நான்தான் இறங்கவில்லை. டாக்டரம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். குழந்தைக்கு என்று நினைத்து அவளிடம் கொடுக்கப் போனேன். "உங்களுக்கு" என்றார்.

வெளியே வெயில் சுரீரென்று இருந்தது. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மகள் ஏறி நின்றுகொண்டாள். உதைத்தேன். கால் வழுக்கியது. மறுபடி உதைத்தேன். மறுபடியும் வழுக்கியது. பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், கையில் சாஸரோடு, சிறிது நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்யா ஹுவா பாய்? பெட்ரோல் நை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொல்லிவிட்டாள். வாய் நிறையப் பஞ்சு, கன்னம் மரத்துப்போய்க் கோணிக்கொண்டிருந்தது, உதட்டோரம் கொஞ்சம் ரத்தம். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"டாடிகி பயமேஸிந்தி."

அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது.

அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாஸரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரே உதையில் ஸ்கூட்டரைக் கிளப்பிக் கொடுத்தார்.